நெற்றி விளக்கும் வெட்டு நெருப்பும்

பழைய தோட்டத்து ஆட்களிடம் 'அசெட்டிலின்' என்று சொன்னால் பலருக்குப் புரியாது. 'கார்பைட்' என்று சொன்னால் உடனே மூக்கைச் சுளிப்பார்கள். அந்தப் பூண்டு வாடை அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. இருட்டு விலகுவதற்கு முன்னால் பெரட்டு முடிந்து, நிரைக்குப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொண்ட விளக்கின் வாடை அது. இரண்டும் ஒரே சங்கதிதான். கார்பைட் கல்லில் தண்ணீர் பட்டால் கிளம்பும் வாயுவுக்குப் பெயர்தான் அசெட்டிலின். பட்டறையில் இரும்பை ஒட்டவும் வெட்டவும் பிடிக்கிற 'கேஸ் வெல்டிங்' நெருப்பிலும் எரிவது அதே வாயுதான்.

ஆக, ஒரே தோட்டத்தில் ஒரே வாயு இரண்டு இடத்தில் எரிந்திருக்கிறது. ஒன்று மரம் வெட்டுகிறவரின் நெற்றியில். இன்னொன்று ஆலைப் பட்டறையில், பிட்டரின் கையில். முதலாவது கூலிக்கு வெளிச்சம். இரண்டாவது ஒரு தொழில். நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பற்றி நாம் எழுதியதிலும் வாசித்ததிலும் முதல் நெருப்பு அங்கங்கே வரும். இரண்டாவது ஏறக்குறைய வருவதே இல்லை.

இந்தக் கேள்விக்குள் என்னை இழுத்துவிட்டது ஒரு பழைய டார்ச் செட்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வாயுவின் கதை.

கல்லுக்குள் இருந்த வாயு

1836இல் அயர்லாந்தில் எட்மண்ட் டேவி என்ற வேதியியலாளர் தற்செயலாக இந்த வாயுவைக் கண்டார். 1862இல் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் வோலர், கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் இது கிடைக்கும் என்று காட்டினார். ஆனால் கார்பைடை மலிவாகச் செய்ய வழி இல்லாததால் முப்பது வருஷம் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் சுண்ணாம்பையும் தாரையும் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய நோக்கம் அலுமினியம் செய்வது. கிடைத்தது கார்பைட். அலுமினியக் கனவு போனது. உலகத்துக்கு ஒரு விளக்கு வந்தது.

நல்ல கார்பைட் ஒரு கிலோவில் ஏறக்குறைய முந்நூறு லிட்டர் வாயு கிடைக்கும். ஒரு சின்ன டப்பாவில் கீழே கல், மேலே தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும் அளவைத் திருகி வைத்தால் வெளிச்சம் கூடும், குறையும். மின்சாரம் தேவையில்லை, திரி தேவையில்லை. சைக்கிள், மோட்டார் கார், சுரங்கம் என்று எல்லா இடத்துக்கும் அது போனது. மலாயா ரப்பர் காட்டுக்கும் வந்தது.

நெருப்பின் இன்னொரு முகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அசெட்டிலினைத் தூய ஆக்சிஜனோடு எரித்தால் அதுவரை தெரிந்த எந்தச் சுடரைவிடவும் அதிகச் சூடு வரும் என்று 1895இல் லு ஷாத்தலியே சொன்னார். 3,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். இரும்பு உருக 1,538 டிகிரி போதும். அதே 1895இல் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே காற்றைத் திரவமாக்கினார். அதிலிருந்து ஆக்சிஜனைத் தனியாகப் பிரித்து எடுக்கவும் சில வருஷத்தில் வழி வந்தது. 1900களின் முதல் சில ஆண்டுகளில் பிரான்சில் ஃபூஷே, பிக்கார் என்ற இருவர் இரண்டு வாயுவையும் ஒழுங்காகக் கலந்து எரிக்கும் டார்ச்சைச் செய்தார்கள். இன்றைக்கு லுகுட்டில் ஒரு பட்டறைக்காரர் கையில் பிடித்திருப்பது அடிப்படையில் அதேதான். நூற்றிருபது வருஷத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

பட்டறை எதற்கு?

ரப்பர் தோட்டம் என்றதும் மரமும் மங்கும் வாளியும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் ரப்பர் ஒரு தொழிற்சாலைப் பொருள். காலையில் எடுத்த பாலை அன்றைக்கே பக்குவப்படுத்த வேண்டும். பால் காத்திருக்காது, உறைந்துவிடும். உறைந்ததை உருளைகளில் விட்டுத் தகடாக்க வேண்டும், புகைக்கூண்டில் காயவைக்க வேண்டும். அந்த உருளை எந்திரங்களை மான்செஸ்டரின் ஃபிரான்சிஸ் ஷா, கொழும்பின் வாக்கர் சன்ஸ் போன்ற கம்பெனிகள் செய்தன. பெரும்பாலும் வார்ப்பிரும்பு.

வார்ப்பிரும்பின் குணம் கெட்டது. வளையாது, உடையும். ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் மாற்றுப் பாகம் கப்பலில் வர மாதக்கணக்கு ஆகும். இங்கேதான் கேஸ் டார்ச்சின் மதிப்பு. வார்ப்பிரும்பை உருக்காமல் நிதானமாகச் சூடேற்றி, மேலே பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டலாம். 'பித்தளை ஒட்டு' என்பார்கள். கரண்ட் வெல்டிங்கில் அவசரப்பட்டுப் பிடித்தால், ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே 'டிக்'கென்று விரிசல் விடும். கேஸில் நிதானமாகப் போகலாம். மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டு, சாம்பலில் புதைத்து வைத்தால் அடுத்த நாள் எந்திரம் ஓடும். ஒரு நாள் பாலைக் காப்பாற்றியது அந்த ஒட்டு.

1960களுக்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பட்டறைக்கு வேலை இன்னும் கூடியது. செம்பனை ஆலையில் எல்லாமே தேயும். பாய்லர் குழாய் ஓட்டையாகும், கன்வேயர் சங்கிலி அறும், பழம் பிழியும் திருகு தேய்ந்துபோகும். வெல்டர் இல்லாமல் ஆலை ஒரு வாரம் ஓடாது.

அந்த வேலையைச் செய்தது யார்? தோட்டத்து அடுக்கு நமக்குத் தெரியும். மேலே வெள்ளைக்காரத் தொரை, நடுவில் மலையாளி, யாழ்ப்பாணத்துக் கிராணிமார், கீழே கங்காணி, அதற்கும் கீழே கூலி. பட்டறை இந்த ஏணியில் ஒரு ஓரத்தில் இருந்தது. சீன மேஸ்திரிகளும், மலையாளிகளும், தமிழர்களும் அங்கே கலந்து நின்றார்கள். கூலி லயத்திலிருந்து அங்கே போவது சுலபமல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளிக்கூடம் எழுத்துக் கற்றுக்கொடுத்தது. ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு நேராகத் திறந்திருந்த கதவு பால் வெட்டுக்குத்தான். தொழிலைக் கையில் பிடிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. பட்டறையில் யாராவது சேர்த்துக்கொண்டால் உண்டு. கூட்டிப் பெருக்கு, ஸ்பேனர் எடுத்துக் கொடு, பார்த்துக்கொண்டே இரு. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் "புடிச்சுப் பாரு" என்று டார்ச்சைக் கொடுப்பார்கள். அப்படித்தான் ஒருவன் பிட்டர் ஆனான்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. மரம் வெட்டுகிறவரின் திறமை ரொம்பவும் நுட்பமானது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் மரம் காயப்படும். ஆனால் அந்தத் திறமைக்கு ரப்பர் மரத்தை விட்டால் வேறு சந்தை இல்லை. வெல்டரின் திறமையைத் தூக்கிக்கொண்டு பாசிர் கூடாங் கப்பல் பட்டறைக்குப் போகலாம், சிங்கப்பூருக்குப் போகலாம். '6ஜி' சர்ட்டிபிகேட் எடுத்தவனுக்கு ஊர் ஒரு தடையே இல்லை. தோட்டம் மூடியபோது இந்த வித்தியாசம் எத்தனையோ குடும்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

இரும்பும் ஆளும்

நெகிரி செம்பிலானில் இரும்பின் கதை தோட்டத்தோடு மட்டும் நிற்கவில்லை. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு சுங்கை ஊஜோங் ரயில் ஓடத் தொடங்கியது. தோட்டத்துச் சரக்கு கடலுக்குப் போனது அதில்தான். தெற்கே கிம்மாஸிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பாதை 1931இல் முடிந்தது. மலாயாவின் தண்டவாளங்களைப் போடுவதிலும் பார்த்துக்கொள்வதிலும் தமிழர் கை நிறைய இருந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கிழக்குக் கரைப் பாதையில் ஒரு பெரும் பகுதியையும், தம்பினுக்குப் பக்கத்திலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதையையும் பிடுங்கினார்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இரும்பு வேண்டியிருந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கியது போலவே ஆளையும் பிடுங்கினார்கள். மலாக்கா கிளைப் பாதை அதற்குப் பிறகு போடப்படவே இல்லை.

சண்டை முடிந்து, சுதந்திரம் வரும் காலத்தில் இன்னொரு வெட்டு தொடங்கியது. அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயரே 'துண்டாடல்'. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். சின்னத் துண்டுக்கு ஆலை தேவையில்லை, பட்டறை தேவையில்லை, லயமும் தேவையில்லை. அதை எதிர்த்துத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்து பத்து வெள்ளியாகப் போட்ட காசில் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தோட்டத்து ஆள் தோட்டத்தையே வாங்க முடியும் என்பது அப்போது சாதாரண எண்ணம் இல்லை.

1990களில் வந்த வெட்டு இன்னும் பெரிது. நீலாய், சிரம்பான் 2, பிறகு பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று தோட்ட நிலங்களின் மேல் தாமான்கள் எழுந்தன. ஆலைகளைக் கழற்ற வந்தவர்கள் கையிலும் அதே டார்ச்தான் இருந்தது. கூரைச் சட்டம், பால் தொட்டி, தண்ணீர் டாங்கி எல்லாம் துண்டாகி பெசி புருக் லோரியில் ஏறின. 2008இல் பழைய இரும்பு விலை உலகம் முழுக்க உச்சிக்குப் போனபோது, மிச்சம் மீதி இருந்த கேட்டுகூடத் தப்பவில்லை.

இதில் ஒரு சின்னப் பொறியியல் சங்கதி உண்டு. டார்ச் இரும்பை உருக்கி வெட்டுவதில்லை. இரும்பை ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சிவக்கச் சூடேற்றி, அதன்மேல் தூய ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பே எரிகிறது. எரிந்த கசடு கீழே கொட்டுகிறது. ஆனால் வார்ப்பிரும்பு இப்படி ஒழுங்காக எரியாது, அதிலிருக்கும் கரி விடாது. அதனால் ஆலைக் கூரை சீக்கிரம் போனது. பழைய உருளைகளைச் சம்மட்டியால் உடைக்க வேண்டியிருந்தது, அல்லது முழுசாகத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கச் செலவு கட்டாத இடங்களில் அவை புல்லுக்குள் அப்படியே கிடந்தன.

செட்டைப் பார்த்த கதை

என் மாமா ஒருவர் செம்பனை ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் பிட்டராக இருந்தவர். ரிட்டையர் ஆகி இப்போது சிரம்பான் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய செட்டு நானூறு வெள்ளிக்கு வருகிறது, "நீதான் இன்ஜினியர் ஆச்சே, வந்து பாரு" என்றார். நான் பல்கலைக்கழகத்தில் டார்ச் பிடித்தது ஒரே ஒரு செமஸ்டர். பார்க்கப் போனது நான், பாடம் எடுத்தது அவர். அவர் காட்டியதை எழுதிவைக்கிறேன். வீட்டுக்குப் பழைய செட்டு வாங்க நினைக்கிற யாருக்கும் உதவும்.

முதலில் சிலிண்டர். பெரும்பாலும் அது விற்கிறவருக்குச் சொந்தமே இல்லை. ஆக்சிஜனின் கறுப்புச் சிலிண்டரும் அசெட்டிலினின் அரக்குச் சிவப்புச் சிலிண்டரும் கேஸ் கம்பெனியுடையவை. வாடகைக்குத்தான் தருவார்கள். கழுத்தில் கம்பெனி பெயர் குத்தியிருக்கும். இங்கே பல காலம் 'மோக்ஸ்' என்று அழைக்கப்பட்ட கம்பெனி இன்று லிண்டே மலேசியா. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்த அதே லிண்டேயின் பெயர். "தோங்கோட சேத்துத் தரேன்னு சொன்னா, யாரு தோங்குன்னு கேளு" என்றார் மாமா.

அசெட்டிலின் சிலிண்டர் வெறும் குடுவை இல்லை. இந்த வாயுவைத் தனியாக அழுத்தினால் காற்றே இல்லாமல் வெடிக்கும். அதனால் உள்ளே நுண்துளைப் பொருளை நிரப்பி, அசிட்டோன் ஊற்றி, அதில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சுவீடனின் குஸ்தாவ் தாலேன் இந்த நிரப்புப் பொருளைச் செம்மைப்படுத்தியவர். 1912இல் ஒரு அசெட்டிலின் சோதனையில் வெடித்து அவருக்கு இரண்டு கண்ணும் போனது. அதே வருஷம் கலங்கரை விளக்கத்துத் தானியங்கி வால்வுக்காக இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கப்பல்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர், பார்வையில்லாமலே 1937இல் சாகும்வரை கம்பெனியை நடத்தினார். இந்தச் சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது, மூடிய காரின் பூட்டில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் யாரோ கண்ணையும் உயிரையும் கொடுத்து எழுதிய விதிகள்.

அடுத்து ரெகுலேட்டர். ஆக்சிஜன் பக்கம் வலப்புரி, அசெட்டிலின் பக்கம் இடப்புரி. இடப்புரி நட்டின் மூலைகளில் வெட்டுக்குறி இருக்கும், இருட்டில் தடவியே தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டுச் சிலிண்டர் பிரிட்டிஷ் புரி. அமெரிக்கப் புரி ரெகுலேட்டர் எவ்வளவு மலிவாக வந்தாலும் இங்கே பொருந்தாது. அழுத்தத்தை வைத்துவிட்டு டார்ச் வால்வை மூடுங்கள். மீட்டர் முள் தானாக மேலே ஊர்ந்தால் உள்ளே இருக்கை தேய்ந்துவிட்டது, வாங்காதீர்கள். அசெட்டிலின் மீட்டரில் 15 பிஎஸ்ஐக்கு மேல் சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு நாளும் போகக் கூடாது. ஆக்சிஜன் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் வேண்டாம். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்புக்குத் தீக்குச்சி தேவையில்லை.

பிறகு ஹோஸ். மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். நாங்கள் பார்த்த செட்டில் கிழிந்த ஹோஸை ஒரு செம்புக் குழாய்த் துண்டு வைத்து இணைத்திருந்தார்கள். மாமா அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அசெட்டிலின் செம்போடு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் உப்பு உண்டாகும். "இத செஞ்சவன் உயிரோட இருக்கானா?" என்று விற்பவரைக் கேட்டார். அவர் சிரித்தார், மாமா சிரிக்கவில்லை.

கடைசியில் டார்ச்சையும் ஆக்சிஜன் ரெகுலேட்டரையும் மட்டும் பேரம் பேசி எடுத்தார். ஹோஸ், நெருப்பு திரும்பாமல் தடுக்கும் அரெஸ்டர் இரண்டும் புதிது. இந்த இரண்டையும் எவரும் பழையதாக வாங்கக் கூடாது. வெறுமனே வெட்டத்தான் என்றால் எல்பிஜியும் ஆக்சிஜனும் போதும், செலவு குறைவு, நாசில் மட்டும் வேறு. பெசி புருக் கடைகளில் பெரும்பாலும் அதுதான். ஆனால் இரும்பை இரும்போடு உருக்கி ஒட்ட எல்பிஜி சரிப்படாது. அதற்கு அசெட்டிலின்தான்.

எது நமக்குச் சொந்தம்

இந்தப் பேரத்தில் என்னை யோசிக்க வைத்தது சிலிண்டர்தான். எரிகிற வாயு நம்முடையது, அது இருக்கிற வீடு கம்பெனியுடையது. தோட்டத்து வாழ்க்கையும் இப்படித்தானே இருந்தது? லயம் கம்பெனி வீடு. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று சொன்னது. அது யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போனது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், தாமான் வந்தபோது நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வெளியே நின்றார்கள்.

அப்படி வெளியே வந்தவர்கள் என்ன எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அம்மன் படம், பாத்திரம், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட். பட்டறைக்காரர்கள் என்றால் ஒரு பெட்டி ஸ்பேனர், கையில் தொழில். அந்தத் தொழில் சிலிண்டரைப் போல வாடகைக்கு வந்ததல்ல. யாரும் திருப்பிக் கேட்க முடியாத சொத்து அது ஒன்றுதான். ஆனால் அதையும் எல்லாருக்கும் கொடுக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் வலி. நெற்றியில் கார்பைட் விளக்கு கட்டிய ஆயிரம் பேருக்குப் பக்கத்தில், டார்ச் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. விடியலுக்கு முன்னே அதே வாயுவை ஆண்களுக்குச் சமமாக நெற்றியில் சுமந்தவர்கள் அவர்கள்.

நம் தோட்ட இலக்கியத்தில் பால்வாளியும் கங்காணியும் நிறைய வந்தாகிவிட்டது. பட்டறையைப் பற்றி எழுத இன்னும் ஆள் வேண்டும். பகாவ், ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கம் தாமான் வீடுகளின் முன்வாசலில், துருப்பிடித்த ஒரு வைஸும் ஒரு பெட்டி ஸ்பேனரும் வைத்திருக்கும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். யாரிடம் வேலை பழகினார், முதன்முதலில் டார்ச்சைக் கையில் கொடுத்தது யார், கடைசியாக எந்த எந்திரத்தை ஒட்டினார், அந்த எந்திரத்தை வெட்டியது யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சிலர், "நான்தான் வெட்டினேன்" என்றும் சொல்லலாம்.